ஆய்விதழில் வந்துவிட்டால் போதுமா?

மலையக மாணவர்களின் ஆய்வேடுகளுக்கு நூல் தேடிக் கொடுப்பதும் உசாத்துணைப் பட்டியலைச் சரிபார்ப்பதும் நூலகரான எனது அன்றாடப் பணி. அவற்றில் ஒரு வசனம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றது: “சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 525,000 பேர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர்.”

இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவுக்கும் இந்தியப் பிரதமர் சாஸ்திரிக்கும் இடையில் 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான அந்த ஒப்பந்தம், இலங்கையில் நாடற்றோர் எனக் கணிக்கப்பட்ட இந்திய வம்சாவளியினர் 975,000 பேரில் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் தீர்மானிப்பதென்றும் கூறியது. ஆகவே 525,000 என்பது இந்தியா ஏற்க உடன்பட்ட தொகையே. உண்மையில் சென்றவர்கள் அதனினும் குறைவு. மாணவர் எடுத்தாண்ட இணையக் கட்டுரை ஒரு நூலைச் சுட்டும். அந்நூல் ஒரு பத்திரிகைச் செய்தியைச் சுட்டும். ஒப்பந்த வாசகத்தை இடையில் எவரும் புரட்டியிருக்க மாட்டார்கள். கப்பலேறிய உறவுகளின் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைகளே தம் வரலாற்றைப் பிழையாக எழுத நேர்வது எனக்கு மிகுந்த வேதனை தருகின்றது.

“ஆய்விதழில் வந்ததைத்தானே எழுதினேன்” என்று சிலர் கேட்பதுண்டு. ஆய்விதழுக்கு வரும் கட்டுரையை ஆசிரியர் பெரும்பாலும் அத்துறை அறிஞர் இருவருக்கோ மூவருக்கோ அனுப்புகின்றார். அவர்கள் ஆய்வுமுறை பொருந்துகின்றதா, தரவு முடிவைத் தாங்குகின்றதா என்று பார்த்து, திருத்தம் கேட்கின்றனர் அல்லது நிராகரிக்கும்படி பரிந்துரைக்கின்றனர். இதுவே சக மதிப்பாய்வு. ஆனால் அவர்கள் ஆய்வை மீண்டும் செய்து பார்ப்பதில்லை. புனையப்பட்ட தரவு அவர்கள் கண்ணுக்குத் தப்பிவிடலாம். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்திய, பிரித்தானிய மருத்துவர் வேக்ஃபீல்டின் கட்டுரை, 12 பிள்ளைகளை மட்டுமே வைத்து எழுதப்பட்டு, 1998இல் ‘லான்செட்’ என்ற பெயர்பெற்ற மருத்துவ இதழிலேயே வெளிவந்தது. அது மீளப்பெறப்பட்டது, அதாவது ஏற்கத்தக்கதல்ல என்று இதழே அறிவித்தது, 2010இல்தான். எனவே மேற்கோள் காட்டுமுன், கட்டுரை மீளப்பெறப்பட்டுள்ளதா என்பதை அவ்விதழின் தளத்திலேயே பாருங்கள்.

பணம் வாங்கிக்கொண்டு, மதிப்பாய்வு எனப் பெயரளவில் மட்டும் சொல்லி எதையும் சில நாட்களிலேயே வெளியிடும் இதழ்களும் உள்ளன. கூகுள் ஸ்கொலர் என்ற ஆய்வுக் கட்டுரைத் தேடுதளத்தில் கிடைப்பதனால் மட்டும் ஒரு கட்டுரை மதிப்பாய்வு பெற்றதாகிவிடாது.

மறுபுறம், மதிப்பாய்வு பெறாதது என்பதற்காகக் குடிசன மதிப்பீட்டு அறிக்கையையோ தொழிலாளரின் வேலைநாளும் சம்பளமும் குறிக்கப்பட்ட தோட்டத்துப் பழைய செக்ரோல் பதிவேட்டையோ ஒதுக்கிவிடாதீர்கள். அவை மூல ஆவணங்கள். தோட்டத் தொழிலாளரின் வரிசைவீடான லயத்துத் திண்ணையில் ஒரு மூதாட்டி சொல்லும் நினைவும் அவ்வாறே பெறுமதியுடையது. அதனை வாய்மொழிச் சாட்சியம் என்றே குறித்து, எந்தத் தோட்டத்தில், எப்போது சொல்லப்பட்டது என்பதையும் அவருடைய சம்மதத்துடன் சேர்த்து எழுதுங்கள்.