துணை முதல்வரிடம் மனு கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

"துணை முதல்வர் கையிலேயே மனுவைக் கொடுத்தாச்சு, இனி பட்டா வந்துடும்" என்று நம்பி மாதக்கணக்கில் காத்திருப்பவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். மனசு பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

துணை முதல்வர் என்ற பதவி அரசியல் சட்டத்தில் இல்லை. 164ஆவது பிரிவில் முதல்வரும் மற்ற அமைச்சர்களும்தான் உண்டு. துணை முதல்வரும் ஓர் அமைச்சர்தான் என்பதை உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியிலும் சொல்லிவிட்டது. அவர் கையில் எந்தத் துறை இருக்கிறதோ, அதில்தான் அவருக்கு அதிகாரம். 2017-ல் ஓ. பன்னீர்செல்வம் துணை முதல்வரானபோது அவரிடம் இருந்தது நிதித்துறை. பட்டா விவகாரம் வருவாய்த்துறை. அது வேறு அமைச்சரிடம் இருந்தது.

சரி, மனு என்ன ஆகும்? துறைக்குப் போகும், அங்கிருந்து கலெக்டர் ஆபீஸ், அப்புறம் தாலுகா. கடைசியில், முதலில் உங்களை அலைக்கழித்த அதே வி.ஏ.ஓ. மேஜைக்கே வந்து சேரும். அவர் பழைய அறிக்கையையே திரும்ப எழுதி அனுப்புவார். உங்கள் வீட்டுக்கு ஒரு கடிதம் வரும்: "தங்கள் மனு உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது." எனக்குத் தெரிந்த ஒரு அம்மா அந்தக் கடிதத்தை உத்தரவு என்று நினைத்து பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார். அது உத்தரவு இல்லை, தபால் நகர்ந்ததற்கான தகவல் மட்டுமே. இதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. பட்டா மாறுதலை நிராகரித்து உத்தரவு வந்துவிட்டால், கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும். அதற்குக் கெடு உண்டு. எத்தனை பெரியவரிடம் மனு கொடுத்திருந்தாலும் அந்தக் கெடு நிற்காது. மேல்முறையீட்டை முதலில் போடுங்கள், மனு அப்புறம்.

"துணை முதல்வர் பி.ஏ.வைத் தெரியும், பணம் கொடுத்தால் முடித்துத் தருகிறேன்" என்பவரிடம் பத்து பைசா கொடுக்காதீர்கள். நிராகரித்த உத்தரவை ஒரு பி.ஏ. போன் பேசி மாற்ற முடியாது.

மனு கொடுத்தே ஆக வேண்டுமென்றால் கூட்டத்தில் கையில் திணிக்காதீர்கள், அதற்கு ரசீது கிடையாது. முதல்வர் தனிப்பிரிவிலோ, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளிலோ கொடுத்து மனு எண் வாங்குங்கள். ஒரு மனுவில் ஒரே கோரிக்கை. சர்வே எண், நிராகரிப்பு உத்தரவின் நகல் இரண்டும் இல்லாமல் கொடுக்காதீர்கள். "ஆவணம் இல்லை" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

பதிலே வராவிட்டால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தாலுகா ஆபீஸ் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதுங்கள். "ஏன் தரவில்லை" என்று கேட்டால் மழுப்புவார்கள். "என் மனு மீதான விசாரணை அறிக்கையின் நகல் வேண்டும்" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். வி.ஏ.ஓ. உங்கள் நிலத்தைப் பற்றி என்ன எழுதினார் என்பது அதில் தெரிந்துவிடும். கோட்டாட்சியரின் விசாரணைக்குப் போகும்போது அந்த நகலைக் கையோடு கொண்டுபோங்கள்.