அரசுத் தரவு: தளத்தில் எடுப்பதும் கேட்டு வாங்குவதும்

வேளாண் சந்தைகளின் அன்றாட விலை, மழையளவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அட்டவணை எல்லாம் நம் வரிப்பணத்தில் திரட்டப்பட்டவை. யாரும் மனுப் போடாமலேயே இவை மக்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பதுதான் மத்திய அரசு 2012 மார்ச்சில் அறிவிக்கை செய்த தேசியத் தரவுப் பகிர்வு, அணுகல் கொள்கையின் சாரம். தேசியத் தகவலியல் மையம் அமைத்த டேட்டா.ஜிஓவி.இன் தளம் அதே ஆண்டில் வந்தது. வெளியிடக் கூடாதவற்றை ஒவ்வொரு துறையும் தனிப் பட்டியலாக எழுதி வைக்க வேண்டும். அதில் இல்லாததைப் பகிர வேண்டும். மறைப்பதற்குத்தான் காரணம் சொல்ல வேண்டுமே தவிர, கொடுப்பதற்கு அல்ல.

கோப்பு இணையத்தில் இருந்தால் மட்டும் அது திறந்த தரவு, அதாவது யாரும் தடையின்றி எடுத்துப் பயன்படுத்தக்கூடிய தரவு, ஆகிவிடாது. 2007 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் செபாஸ்டபோல் நகரில் சுமார் 30 ஆர்வலர்கள் கூடித் திறந்த அரசுத் தரவுக்கான 8 கோட்பாடுகளை வகுத்தார்கள். தரவு முழுமையாக, மூல வடிவில், காலத்தோடு வர வேண்டும். யாரும் பதிவு செய்துகொள்ளாமலே எடுக்க முடிய வேண்டும். கணினி நேரடியாகப் படித்துக் கணக்கிடும்படி இருக்க வேண்டும் என்பவை அவற்றில் சில. கடைசியாகச் சொன்னதில்தான் நம் அலுவலகங்கள் அதிகம் சறுக்குகின்றன. நூறு பக்க அட்டவணையை அச்சிட்டு, முத்திரை குத்தி, ஸ்கேன் செய்து பிடிஎஃப் கோப்பாக ஏற்றுவார்கள். அதில் ஒரு நெடுவரிசையைக் கூட்டிப் பார்க்கக்கூட எல்லாவற்றையும் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும். சிஎஸ்வி (மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணை) அல்லது எக்செல் கோப்பாக ஏற்றினால் அந்த வேலையே இல்லை.

எடுத்த தரவை என்ன செய்யலாம்? 2017 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட அரசுத் திறந்த தரவு உரிமம் தாராளமானது. கட்டுரை எழுதலாம், செயலி உருவாக்கி விற்கவும் செய்யலாம். மூலத்தைக் குறிப்பிட வேண்டும். அரசே நம்மை ஆதரிப்பதுபோலக் காட்டக் கூடாது.

தேடியது தளத்தில் இல்லையா? கொள்கையைக் காட்டி யாரையும் கட்டாயப்படுத்துவது கடினம், சட்டத்தைக் காட்டலாம். தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005இன் 4ஆம் பிரிவு, அலுவலகங்கள் தாமாகவே தகவல்களை வெளியிடக் கடமைப்பட்டவை என்கிறது. வெளியிடாததை 6ஆம் பிரிவின்கீழ் கேட்கலாம். மத்திய அரசு அலுவலகங்களுக்குக் கட்டணம் 10 ரூபாய்; வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் கிடையாது. மனுவில் “எக்செல் கோப்பாக, மின்னணு வடிவில் வேண்டும்” என்று மறக்காமல் எழுதுங்கள். கேட்ட வடிவிலேயே தருவதுதான் வழக்கமாக இருக்க வேண்டும் என்று 7(9) பிரிவு சொல்கிறது. அலுவலகத்தின் வளங்களை அளவுக்கு மீறி இழுத்தாலோ ஆவணத்துக்குக் கேடு வந்தாலோதான் விலக்கு. கணினியில் ஏற்கெனவே எக்செல்லாக இருப்பதை அப்படியே அனுப்புவதில் என்ன பாரம்?

தனிநபர் விவரங்கள் கலந்த பட்டியல்களைப் பெறுவது இனி கடினமாகலாம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் தனிநபர் தகவலுக்கான 8(1)(ஜே) எனப்படும் விலக்குப் பிரிவை விரிவாக்கிவிட்டது. பொதுநலனே மேலோங்கினால் தரலாம் என்ற 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது. ஆனால் பெயர், முகவரி வேண்டாம், வட்டார வாரியான எண்ணிக்கை போதும் என்று கேட்பது நடைமுறையில் எளிது.

30 நாளில் பதில் வரவில்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அதற்குப் பிறகு தகவல் ஆணையம். அங்கே போக 90 நாள் அவகாசம் உண்டு.