போக்கர்: கடைசிச் சீட்டுக்கு என்ன விலை?

போக்கரில் பல வகை உண்டு, இன்று பரவலாக ஆடப்படும் டெக்சாஸ் ஹோல்டமையே எடுத்துக்கொள்வோம். ஜோக்கர் இல்லாத 52 சீட்டு. டீலருக்கு இடப்பக்கம் இருக்கும் இருவர் சீட்டைப் பார்க்கும் முன்பே கொஞ்சம் சிப்பை (காசுக்குப் பதிலான பந்தய வில்லை) நடுவில் வைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஏஸ் ஜோடி வரும்வரை எல்லோரும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துத் தருவார்கள். அப்புறம் மேசையில் முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியாக ஒன்று என ஐந்து பொதுச் சீட்டு திறக்கும், ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் நடக்கும். ஏழில் சிறந்த ஐந்துதான் உங்கள் கை.

எது பெரிய கை? அபூர்வமானது பெரியது, அவ்வளவுதான். 52-லிருந்து ஐந்து சீட்டை 25,98,960 விதமாக எடுக்கலாம். அதில் தொடர்வரிசையான ஸ்ட்ரெய்ட் 10,200, ஐந்தும் இஸ்பேட் அல்லது ஐந்தும் ஆர்ட்டின் என்று ஒரே இனமாக வரும் ஃபிளஷ் 5,108 மட்டுமே. அதனால் ஃபிளஷ்தான் பெரிசு. ஆனால் ஏழு சீட்டு என்றால் ஒரு வேடிக்கை நடக்கிறது: ஒரு ஜோடி வருவது சுமார் 44%, ஒன்றுமே சேராத வெறுங்கை 17%தான். அப்படியானால் வெறுங்கைதானே பெரிசாக இருக்க வேண்டும்? அப்படி விதியை மாற்றினால் ஜோடி வைத்திருப்பவரும் அதில் ஒரு சீட்டை விட்டுவிட்டு வெறுங்கை காட்டிவிடுவார், அது மறுபடி மலிவாகிவிடும்!

சரி, பந்தயத்துக்கு வருவோம். உங்களிடம் இரண்டு இஸ்பேட், மேசையில் திறந்த நாலில் இரண்டு இஸ்பேட், இன்னும் ஒரு சீட்டுதான் பாக்கி, அதுவும் இஸ்பேட் என்றால் ஃபிளஷ். நீங்கள் பார்க்காத 46 சீட்டில் இஸ்பேட் ஒன்பது, அதாவது சுமார் 20%. நடுவில் 100 சிப் இருக்கிறது, எதிராளி 50 வைக்கிறார். நீங்களும் 50 போட்டால் மொத்தம் 200, அதில் கால்வாசி உங்கள் காசு. 20% வாய்ப்புக்கு 25% விலை, கட்டாது, ஃபோல்டு செய்துவிடுங்கள், அதாவது சீட்டைப் போட்டுவிட்டு விலகிவிடுங்கள். அவர் 20 மட்டும் வைத்திருந்தால் 140-க்கு 20, தாராளமாகக் ‘கால்’ (call) போடலாம், அதாவது அவர் வைத்த அளவை நீங்களும் வைக்கலாம்.

பிளஃப் எனப்படும் பொய்ப் பந்தயத்துக்கும் இதே கணக்குதான். கடைசிச் சீட்டும் திறந்தபின், நடுவில் 100 இருக்கும்போது 100 வைப்பவர் மூன்றில் ஒருமுறை வெறுங்கையோடு வைத்தால், எதிராளி கால் போட்டாலும் ஃபோல்டு செய்தாலும் ஒன்றுதான், அவரால் இவரை மடக்க வழியில்லை. 2019-இல் ஆறு பேர் மேசையில் தேர்ந்த ஆட்டக்காரர்களை வென்ற புளூரிபஸ் என்ற கணினி நிரலும் நன்றாகவே பிளஃப் அடித்தது. தன் நகல்களோடேயே ஆடி ஆடிக் கற்றுக்கொண்டது அது, யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.