மூல ஆபரேஷனுக்குப் பிறகு பட்டினி வேண்டாம்

மூலத்துக்கோ ஆசனவாய் வெடிப்புக்கோ ஆபரேஷன் ஆனவர்களை ரவுண்ட்ஸில் பார்க்கும்போது, என் கண் முதலில் போவது கட்டில் பக்கத்து மேசைக்கு. பெரும்பாலும் ஒரு பிரட் பாக்கெட், ரஸ்க், ஃபிளாஸ்க்கில் பால். "சாப்பிட்டா மோஷன் வரும், வந்தா வலிக்குமே டாக்டர்" என்பார்கள்.

பயம் நியாயம்தான். வைத்தியம்தான் தப்பு. சாப்பிடாமல் இருந்தாலும் மலம் சேரும். பெருங்குடலில் தங்கத் தங்க அதிலுள்ள நீர் உறிஞ்சப்பட்டு இறுகிப்போகும். மூன்றாம் நாள் அது புண்ணை உரசிக்கொண்டு வரும். வலியில் ஆசனவாய்த் தசை இறுக்கிப் பிடிக்கும். அடுத்த முறையும் அடக்கத் தோன்றும். டிரமடால் போன்ற வலி மாத்திரைகளும் மலச்சிக்கல் தரும். மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் சிரப் எழுதிக்கொடுப்பது அதற்காகத்தான். ஒரு நாள் நன்றாகப் போய்விட்டது என்று நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்.

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். இட்லி, ரசம் சாதம், தயிர் சாதம் என்றே நாளை ஓட்டினால் பாதிகூடத் தேறாது. அவரைக்காய், கொத்தவரங்காய், கீரை, சுண்டல், கொய்யா, பப்பாளி என்று தட்டை மாற்றுங்கள். ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு உப்பும், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். இசப்கோல் என்ற நார்ச்சத்துப் பொடி குடித்தால் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரில் கலந்து உடனே குடியுங்கள். தண்ணீர் 2 லிட்டருக்குக் குறையக் கூடாது. இதய, சிறுநீரக நோயாளிகள் மட்டும் தங்கள் டாக்டர் சொன்ன அளவோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

"கோழி சூடாச்சே, சாப்பிடலாமா?" என்று கேட்காத குடும்பமே இல்லை. கோழியின் மேல் எனக்குப் புகார் கிடையாது. காய் ஒன்றுகூட இல்லாமல் ஒரு தட்டுப் பிரியாணியை முடிப்பதுதான் பிரச்சினை. காரம் எரிச்சல் தந்தால் புண் ஆறும்வரை குறையுங்கள், போதும்.

மோஷன் வரும் உணர்வு வந்ததும் போய்விட வேண்டும். செல்போன் வெளியே இருக்கட்டும். ஐந்து நிமிடத்தில் வரவில்லையென்றால் முக்காமல் எழுந்துவிடுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கடியில் ஒரு சின்ன முக்காலி போட்டு, முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்கும்படி உட்காருங்கள். கழுவியபின் தேய்க்காமல் மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள்.

வெந்நீர் டப்பில் உட்காருவதைச் சொன்னால், டெட்டால் எத்தனை மூடி என்றுதான் அடுத்த கேள்வி. ஒரு சொட்டும் வேண்டாம், தோல்தான் எரியும். இறுகிய தசையைத் தளர்த்துவது வெதுவெதுப்புதான். 10 முதல் 15 நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று முறை, முக்கியமாக மோஷன் போன பிறகு. சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்தவர்கள் உட்காரும் முன், சூட்டை வீட்டிலுள்ள வேறொருவர் தொட்டுப் பார்க்கட்டும். வெந்து கொப்புளத்தோடு வந்தவர்கள் உண்டு.

டாக்டர் வேறு ஏதும் சொல்லாவிட்டால் மறுநாளிலிருந்தே வீட்டுக்குள் நடக்கலாம். கேஸ் சிலிண்டர், தண்ணீர்க் குடம் தூக்குவதெல்லாம் சில வாரம் மற்றவர்கள் வேலை. மோஷனோடு சில சொட்டு ரத்தம் ஆரம்பத்தில் சகஜம். ஆனால் மூல ஆபரேஷன் ஆனவர்களுக்கு வலியெல்லாம் குறைந்து நிம்மதியான நேரத்தில், முதல் வாரக் கடைசியிலோ இரண்டாவது வாரத்திலோ, திடீரென்று ரத்தம் கொட்டலாம். ரத்தம் கட்டியாக வந்தாலோ, நிற்காமல் போனாலோ, காய்ச்சல் அடித்தாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, ராத்திரி இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள்.