லாபம் இருக்கிறது, கையில் பணம் இல்லையே?

பல வருடங்களாகத் தொழில் நடத்துபவர்களுக்குக் கணக்கு ஆலோசகராக இருக்கிறேன். அவர்களில் பலர் என்னிடம் வருவது ஒரே குழப்பத்தோடுதான். விற்பனை கூடியிருக்கிறது, லாபக் கணக்கும் சரியாக இருக்கிறது, ஆனால் சம்பளத் தேதி வந்தால் திணறுகிறார்கள். அடுத்த பேச்சே வங்கிக் கடனைப் பற்றித்தான் இருக்கும். அதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொல்வேன்.

வாங்கிய சரக்கு விற்க எத்தனை நாள் ஆகிறது? விற்ற பணம் வசூலாக எத்தனை நாள்? இரண்டையும் கூட்டி, சப்ளையர் உங்களுக்குத் தரும் தவணை நாட்களைக் கழியுங்கள். சரக்கு 60 நாள் இருக்கிறது, வாடிக்கையாளர் 45 நாளில் தருகிறார், சப்ளையருக்கு 30 நாளில் கட்ட வேண்டும் என்றால், உங்கள் பணம் 75 நாள் வெளியே நிற்கிறது. விற்பனை இரட்டிப்பானால் வெளியே நிற்கும் பணமும் ஏறக்குறைய இரட்டிப்பாகும். லாபம் அந்த வேகத்துக்கு வந்து சேராது. நன்றாக வளரும் தொழிலே பணமில்லாமல் முட்டி நிற்பது இதனால்தான். கடன் வாங்கினால் நாட்கள் குறையாது, வட்டிதான் சேரும். அந்த 75 நாளை 60 ஆக்கினால், முடங்கிய பணத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு உங்களிடமே திரும்பி வரும்.

எங்கே குறைப்பது? முதலில் வசூலைப் பாருங்கள். தாமதத்துக்கு வாடிக்கையாளரைக் குறை சொல்கிறோம், ஆனால் பல இடங்களில் அது நம் அலுவலகத்திலேயே தொடங்குகிறது. சரக்கு போன அன்றே பில் போகாமல் மாதக் கடைசியில் மொத்தமாகப் போகும். தவணையோ பெரும்பாலும் பில் தேதியிலிருந்துதான் ஓடும். பில்லில் ஆர்டர் எண் தவறாக இருந்தால் எதிர்த்தரப்புக் கணக்குப் பிரிவு அதை ஓரமாக வைத்துவிடும், நமக்குச் சொல்லவும் மாட்டார்கள். தவணை முடியச் சில நாள் இருக்கும்போதே, "பில் வந்ததா, ஏதாவது குறை இருக்கிறதா?" என்று ஒரு போன் போட்டால் இதெல்லாம் தெரிந்துவிடும். பாக்கிப் பட்டியலை 30, 60, 90 நாள் என்று பிரித்து, முதலாளியே வாரா வாரம் பார்க்க வேண்டும். நெடுநாள் வாடிக்கையாளரிடம் பணம் கேட்பது சங்கடம்தான், புரிகிறது. ஆனால் 90 நாள் தாண்டிய பாக்கி நிற்கும்போது அதே ஆளுக்குப் புதுச் சரக்கு அனுப்பாதீர்கள்.

அப்புறம் தேங்கிய சரக்கு. ஒரு வருடமாக அசையாததை வாங்கிய விலைக்குக் கீழே போனாலும் விற்றுவிடுங்கள்.

நன்றாக ஓடும் சரக்குக்கு இதைச் செய்யக் கூடாது. 70-க்கு வாங்கி 100-க்கு விற்கும் பொருளில் 10 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால், 30 ஆக இருந்த லாபம் 20 ஆகிறது. பழைய லாபத்தைப் பிடிக்கவே 50 சதவீதம் கூடுதலாக விற்க வேண்டும். அவ்வளவு விற்பனை கூடுமா என்று கேட்காமலே தள்ளுபடி அறிவிப்பதைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது.

சீக்கிரம் பணம் தந்தால் 2 சதவீதம் கழிவு என்ற ஏற்பாட்டையும் யோசித்தே செய்யுங்கள். 30 நாள் முன்னதாகப் பணம் கிடைக்க 2 சதவீதத்தை விட்டுக்கொடுப்பது, ஆண்டுக் கணக்கில் ஏறக்குறைய 25 சதவீத வட்டிக்குச் சமம். உங்கள் வங்கி அதைவிடக் குறைவாகக் கடன் தருகிறது என்றால் அந்தக் கழிவு வேண்டாம்.