உருளையில் கடைந்தெடுக்கும் செங்கோணம்

மூலைமட்டம் சரியா என்று பார்க்க இன்னொரு மூலைமட்டம் வேண்டும். அது சரியா என்று பார்க்க மூன்றாவது ஒன்று. வீட்டுப் பட்டறையில் இந்தச் சுற்றிலிருந்து வெளியேற ஒரு சாதாரண லேத் (கடைசல் இயந்திரம்) போதும். இரண்டு சென்டர்களுக்கு (துண்டை இருமுனையிலும் தாங்கும் கூர்முனைகள்) நடுவே உருளையைக் கடைந்து, கழற்றாமல் அதே பிடிப்பில் அதன் அடிமுகத்தையும் சீவ வேண்டும். நிமிர்த்தி வைத்தால் பக்கம் தளத்துக்குச் செங்குத்தாக நிற்கும்; மூலைமட்டத்தை அதோடு ஒப்பிடலாம்.

லேத்தின் குறுக்கு ஸ்லைடு (வெட்டும் டூலைக் குறுக்கே நகர்த்தும் பகுதி) சற்றுக் கோணலாக இருந்தால் என்ன ஆகும்? அடிமுகம் தட்டையாக வராமல், ஆழம் மிகக் குறைந்த கூம்பாக வரும். ஆனால் அந்தக் கூம்பும் அதே அச்சைச் சுற்றித்தான் உருவாகிறது. அதனால் அதன் விளிம்பு வட்டம் அச்சுக்குச் செங்குத்தாகவே இருக்கும். உருளை உட்காருவது அந்த விளிம்பில்தான். இவ்வளவு அழகாகத் தன் குறையைத் தானே கழித்துக்கொள்ளும் வேலை பட்டறையில் அபூர்வம். கவலைப்பட மிஞ்சுவது டேப்பர், அதாவது ஒரு முனை பருத்து மறுமுனை சிறுத்திருப்பது, ஒன்றுதான்.

50 மி.மீ. விட்டமும் 180 மி.மீ. நீளமும் உள்ள வார்ப்பிரும்பு சிறந்தது. மைல்டு ஸ்டீல் என்றால் 1 மி.மீ. கூடுதலாக விட்டு முதலில் முரட்டுக் கடைசல் போடவும். மேல்தோல் போனதும் உள்ளிறுக்கம் தளர்ந்து துண்டு வளையக்கூடும். இரு முனையிலும் சென்டர் துளை போட்டு, அடிமுகத்தில் 30 மி.மீ. விட்டத்துக்கு 3 மி.மீ. ஆழம் குடையவும். குடையாவிட்டால் அந்தப் பக்கம் தாங்கும் டெயில்ஸ்டாக்கின் (லேத்தின் நகரும் முனைத் தாங்கி) சென்டர், அடிமுகம் சீவும் டூலை மறிக்கும். மேல்முனையில் 20 மி.மீ. நீளம், துண்டைச் சுழற்றும் கேரியர் என்ற பிடியை மாட்ட; பிறகு அதுவே கைப்பிடி.

ஒரு மெல்லிய வெட்டு எடுத்து, இரு முனையிலும் விட்டத்தை அளக்கவும். டெயில்ஸ்டாக் பக்கம் 0.04 மி.மீ. பெரிதாக இருந்தால், டெயில்ஸ்டாக்கை டூல் இருக்கும் பக்கமாக 0.02 நகர்த்தவும். பாதிதான், முழுதாக நகர்த்தினால் டேப்பர் எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். கடைசி வெட்டு 0.05 மி.மீ. ஆழத்துக்கு மேல் வேண்டாம். சூட்டோடு அளக்காதீர்கள்: 10 டிகிரி சூடு 50 மி.மீ. எஃகை ஏறத்தாழ 0.006 மி.மீ. பெருக்கும். நீளமும் கூடுவதால் சென்டர் இறுகி, துண்டு வில்லாகும். அவ்வப்போது தளர்த்தி மறுபடி வையுங்கள். நடுவிட்டத்தையும் பாருங்கள். முனைகள் ஒத்துப்போய் நடு மட்டும் பருத்திருந்தால், வெட்டும்போது துண்டு டூலை விட்டு விலகியிருக்கிறது.

அடிமுகத்தைச் சீவும்போது வெளிவிளிம்பில் 3 மி.மீ. வளையம் மட்டும் தளத்தைத் தொடும்படி, உள்பக்கத்தைச் சற்றுத் தாழ்த்தவும். பிசிறை எடுக்கவும்.

சோதிக்கத் தடித்த ஃபுளோட் கண்ணாடித் தளம் போதும். ஒரு ஸ்டாண்டில் கீழே உருண்டை முனையுள்ள பின் (pin), மேலே டயல் கேஜ் (நுண்ணிய நகர்வைக் காட்டும் கருவி). உருளையைப் பின்னில் ஒட்டி, பக்கவாட்டில் மெல்ல அசைத்து, டயல் காட்டும் உச்ச அளவைக் குறித்துக்கொள்ளவும். 180 டிகிரி திருப்பி மீண்டும் பார்க்கவும். அளவு மாறினால் உருளை சாய்ந்திருக்கிறது. மாற்றத்தில் பாதியே உண்மையான சாய்வு. தூசியோ பிசிறோ காரணம் இல்லையென்றால், சென்டர்களில் திரும்ப ஏற்றி அடிமுகத்தை மட்டும் ஒருமுறை சீவவும். உப்புத்தாளில் தேய்த்துச் சரிசெய்யப் போனால், கை அழுத்தம் ஒரு பக்கம் சாய்ந்து நிலைமை மோசமாகும்.

டேப்பர் இருந்தால் இந்தத் திருப்பலில் தெரியாது. எல்லாப் பக்கமும் ஒரே அளவுதான் காட்டும். அதற்கு மைக்ரோமீட்டர்தான் சாட்சி. எவ்வளவு முயன்றும் விட்டத்தில் 0.01 மி.மீ. டேப்பர் மிஞ்சினால், பக்கத்துக்கு 0.005 என்று கைப்பிடியிலேயே பொறித்துவிடுங்கள். வேலைத்துண்டை ஒப்பிடும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம்.