வழக்கில் சிக்கிய சிறுவனுக்குத் தொழிற்பயிற்சி: சட்டம் தரும் வழி

கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்கும் 16 வயதுச் சிறுவன் ஒருவன் திருவிழா அடிதடியில் பிடிபடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். "இனி இவனுக்கு எந்த வேலையும் கிடைக்காது" என்பதே வீட்டாரின் முதல் பேச்சாக இருக்கும். சட்டம் அப்படிச் சொல்லவில்லை; இதைப் பெற்றோர் முதல் நாளிலேயே அறிந்திருக்க வேண்டும்.

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, 18 வயது நிறையாதவரைக் காவல் நிலைய லாக்கப்பிலோ சிறையிலோ அடைக்கக் கூடாது. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்திற்குள், சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். அதன்பின் நன்னடத்தை அலுவலர் இரண்டு வாரத்திற்குள் சமூக விசாரணை அறிக்கை ஒன்றை அளிக்க வேண்டும். இந்த அறிக்கையே பலருடைய போக்கை மாற்றக்கூடியது என்பது என் உறுதியான கருத்து. சிறுவன் ஏன் பள்ளியை விட்டான், யாருடன் பழகுகிறான், குடி அல்லது கஞ்சா பழக்கம் உண்டா, எந்தத் தொழிலில் ஆர்வம் என்பனவெல்லாம் அதில் இடம்பெறும். அலுவலர் வீட்டுக்கு வரும்போது அச்சத்தால் பெற்றோர் வாய் திறக்காமல் இருந்துவிடுவது பெரும் இழப்பு. "படகு எஞ்சின் வேலை பழக விரும்புகிறான், ஐ.டி.ஐ.யில் சேர்க்கத் தயாராக இருக்கிறோம்" என்று தெளிவாகச் சொல்லி, பள்ளி மாற்றுச் சான்றிதழின் நகலையும் கொடுப்பது நல்லது.

காரணம், குழுமம் தன் இறுதி உத்தரவில் ஆலோசனை, சமூகப் பணி, நன்னடத்தைக் கண்காணிப்பு ஆகியவற்றுக்கு ஆணையிடலாம் என்பதோடு, பள்ளிக்கோ தொழிற்பயிற்சி மையத்திற்கோ செல்லவும், போதை மீட்புச் சிகிச்சை பெறவும், மோதல் நடக்கும் குறிப்பிட்ட இடத்திற்குப் போகாதிருக்கவும் கூடுதலாக உத்தரவிட 18-ஆம் பிரிவு இடமளிக்கிறது. பகை வளரும் தெருமுனையிலிருந்து சிறுவனை விலக்கி, அவன் பகல் பொழுதுக்கு ஒரு பட்டறையைக் கொடுப்பதே வன்முறையைத் தடுக்கும் நடைமுறை வழி.

அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் (ஐ.டி.ஐ.) 14 வயது நிறைந்து, தொழிற்பிரிவுக்கேற்ப 8 அல்லது 10-ஆம் வகுப்பு முடித்தவர்கள் சேரலாம். கல்விக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சீருடை, மிதிவண்டி, இலவசப் பேருந்துப் பயண அட்டை ஆகியவை உண்டு. அரசுப் பள்ளியில் படித்துவந்த மாணவர், 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தின்கீழ் மாதம் 1,000 ரூபாய் பெறவும் தகுதி உண்டா என்று சேரும் நிலையத்திலேயே கேட்டறிய வேண்டும்.

வழக்கின் கறை பற்றிய அச்சத்திற்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு விடை தருகிறது: இச்சட்டத்தின்கீழ் விசாரிக்கப்பட்ட சிறுவனுக்கு அத்தீர்ப்பால் எந்தத் தகுதியிழப்பும் ஏற்படாது. 16 வயது நிறைந்து, கொடிய குற்றத்திற்காகப் பெரியவராகக் கருதி விசாரிக்கப்பட்டவருக்கு மட்டும் இது பொருந்தாது. முடிந்த வழக்கின் விவரங்களை நன்னடத்தைச் சான்றுக்காகக் காவல்துறை வெளியிடக் கூடாது என்று 74-ஆம் பிரிவும் தடுக்கிறது.

வயது 18 கடந்திருந்தால் 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் பொருந்தும். ஆயுள் தண்டனைக்கு உரியதல்லாத குற்றத்தில், 21 வயதுக்குட்பட்டவரைச் சிறைக்கு அனுப்புமுன் நீதிமன்றம் நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்டுப் பெறவும், சிறையே தேவை எனக் கருதினால் அதற்கான காரணங்களைப் பதிவு செய்யவும் கடமைப்பட்டது.

வழக்கறிஞருக்குப் பணமில்லையே என்று தயங்க வேண்டாம். குழந்தைகளுக்கும் காவலில் உள்ளவர்களுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. கடலூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நேரிலோ, 15100 என்ற எண்ணிலோ அணுகலாம். குழந்தைகளுக்கான அவசர உதவிக்கு 1098 என்ற எண் உள்ளது.